நேரப்பகிர்வும் உழைப்பும்: கணனியின் பணிமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

இயந்திரங்களின் வரலாற்றை அவற்றைப் புனைந்தோரின் மதிநுட்ப வரலாறாக மட்டுமே எழுதும் வழமை இன்னும் மறையவில்லை. கணனியைப் பொறுத்தவரை இவ்வழமை மேலும் வலுப்பெற்றுள்ளது எனலாம். ஓர் ஆண்டில் ஓர் அறிஞர் ஒன்றைக் கண்டுபிடித்தார், சில ஆண்டுகளின் பின் இன்னொருவர் அதனை மேம்படுத்தினார் என்றவாறு செல்லும் வரலாறுகள், அக்கண்டுபிடிப்பு ஏன் அக்காலத்தில் வேண்டப்பட்டது, யாருடைய நேரத்தை அது மீதப்படுத்தியது, யாருடைய உழைப்பை அது கூடுதலாகப் பெற்றது என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. கணனித் தொழில்நுட்பத்தின் ஒரேயொரு கூற்றை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பணியை இடையில் நிறுத்தி, அதன் நிலையைக் குறித்துவைத்து, வேறொரு பணிக்குத் தானாகவே மாறி, பின்னர் முதற்பணியை விட்ட இடத்திலிருந்து தொடரும் ஆற்றலே அக்கூறு. இதனை நாம் இங்குப் பணிமாற்றம் என்று சுட்டுவோம்.

கைத்தொலைபேசியில் ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருப்பவர் முன் ஓர் அறிவித்தல் தோன்றுகின்றது. அதனைத் தொட்டதும் வேறொரு திரை விரிகின்றது. அங்கு ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குகின்றது. இவை யாவும் காலையும் மாலையும் போல இயல்பானவை என்று நாம் கருதப் பழகிவிட்டோம். ஆயின் இவற்றின் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு நெடுகிலும் ஒரு வினா தொடர்ந்து வருகின்றது: எப்பொழுது மாறுவது, எதற்கு மாறுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

2

1950களில் பெருங்கணனிகள் பெரும்பாலும் தொகுதி முறையிலேயே இயங்கின. செய்நிரலை எழுதியவர் அதனைத் துளையிட்ட அட்டைகளாக்கி இயக்குநரிடம் ஒப்படைப்பார். அட்டைகள் வரிசையிலே காத்திருக்கும், எழுதியவரும் காத்திருப்பார். ஓர் அட்டையில் நேர்ந்த சிறு பிழையை அறிந்துகொள்ள ஒரு நாள் கழிவதும் உண்டு. தொடக்கத்தில், பணி ஒன்று முடிந்தபின் அடுத்ததை மனிதரே ஏற்றவேண்டியிருந்தது. 1956இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்னும் விமான நிறுவனமும் ஐ.பி.எம். 704 கணனிக்கென ஆக்கிக்கொண்ட செய்நிரல், ஒரு பணி முடிந்ததும் அடுத்ததைக் கணனி தானே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. பிற்காலப் பணிசெயல் முறைமைகளின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கொள்வர். மோட்டார் வாகனமும் விமானமும் செய்யும் பெருந்தொழிற்சாலைகளின் தேவையிலிருந்தே இது பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தேவையின் பொருளியல் அடிப்படையைச் சில எண்கள் தெளிவாக்கும். 1960இல் ஐ.பி.எம். 7090 கணனித் தொகுதி ஒன்றின் விலை ஏறத்தாழ 29 இலட்சம் டொலர். மாத வாடகை 63,500 டொலர். இரவு பகலாக 30 நாளும் இயங்கியதெனக் கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 88 டொலர் ஆகின்றது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1 டொலர். அதாவது இயந்திரத்தின் ஒரு மணி நேரம் அந்நாட்டின் கடைநிலைத் தொழிலாளர் 88 பேரின் ஒரு மணி நேரத்துக்குச் சமமாயிருந்தது. இத்தகைய நிலையில் மனிதர் காத்திருப்பது இழப்பாகத் தோன்றவில்லை. இயந்திரம் காத்திருப்பதே இழப்பாகத் தோன்றியது.

இயந்திரமோ அடிக்கடி காத்திருந்தது. அதன் கணிக்கும் பகுதி மின்னணு வேகத்தில் இயங்க, காந்த நாடாவும் அட்டை வாசிக்கும் பொறியும் அச்சுப்பொறியும் பொறிமுறை வேகத்திலேயே இயங்கின. ஒரு வரி அச்சாகும் நேரத்துள் ஆயிரக்கணக்கான கணிப்புகளைச் செய்திருக்கலாம். மூலதனம் நூலின் முதற் பாகத்தில் (1867) இயந்திரம் பற்றி ஆராயும் மார்க்ஸ், வேலைநாளின் நீளம் சட்டத்தாற் குறுக்கப்பட்டபோது, ஆலை முதலாளிகள் குறுகிய நேரத்தின் உள்ளிருந்த இடைவெளிகளையெல்லாம் நெருக்கி நிரப்பிக்கொண்டதைச் சுட்டிக்காட்டுகின்றார். மனிதரின் வேலைநாளுக்கு 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது கணனியின் வேலைநாளுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது.

இதற்கான கருவியே இடையீடு எனப்படும் ஏற்பாடாகும். அச்சுப்பொறி தன் வேலையை முடித்ததும் கணிக்கும் பகுதிக்குச் சமிக்ஞை அனுப்பும். கணிக்கும் பகுதி அதுவரையில் வேறொரு பணியைச் செய்துகொண்டிருக்கலாம். சமிக்ஞை கிடைத்ததும் அதனை நிறுத்தி முன்னைய பணிக்குத் திரும்பலாம். 1959 யூனில் பாரிஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய தகவற் செயன்முறை மாநாட்டில் பிரித்தானியரான கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி வாசித்த கட்டுரை, பல செய்நிரல்கள் ஒரே கணனியைப் பகிர்ந்துகொள்ளும் வழியை விளக்கியது. 1962இல் மாஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்னின் தலைமையில் உருவாகிய அற்லஸ் கணனியில், பணிகளை மாற்றிவிடும் செய்நிரலுக்கு மேற்பார்வையாளர் என்றே பெயரிடப்பட்டது. எவருக்கு எவ்வேலை, எவ்வளவு நேரம் என்று வகுக்கும் தொழிற்சாலை அதிகாரியின் பெயர் செய்நிரலுக்கு வந்து சேர்ந்தமை கருத்தூன்றத்தக்கது. மலையகத் தோட்டங்களின் பெரட்டுக் களத்தையும் கங்காணியையும் அறிந்த எமக்கு இப்பெயரின் சமூக உள்ளடக்கத்தை விளக்கவேண்டிய அவசியமில்லை.

3

தோட்டங்களைப் பற்றி இங்குக் குறிப்பிட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. வணிக அலுவல்களுக்கெனக் கணனியை முதன்முதல் ஒழுங்காகப் பயன்படுத்திய நிறுவனம் ஒரு தேயிலை நிறுவனமாகும். இலண்டனில் தேநீர்ச்சாலைகளையும் வெதுப்பகங்களையும் பெருமளவில் நடத்திவந்த ஜே. லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் 1949இல் இயக்கிக் காட்டிய எட்சாக் கணனியின் அமைப்பைத் தழுவி லியோ என்னும் கணனியைக் கட்டியது. 1951 நவம்பர் முதல் வெதுப்பக உற்பத்தியின் வாராந்தப் பெறுமதிக் கணக்கு இக்கணனியில் ஒழுங்காகச் செய்யப்பட்டது. 1954இல் ஊழியரின் சம்பளக் கணக்கும் அதற்கு மாற்றப்பட்டது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணிக்க 8 நிமிடம் வேண்டியிருந்தது, லியோவுக்கு 1.5 செக்கன் போதுமாயிற்று. தேயிலைக் கலப்பு பற்றிய கணக்குகளும் லியோவின் பணிகளுள் அடங்கியிருந்தன.

1961இல் நிறைவெய்திய லியோ 3 பணிமாற்றத்தின் வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது. அதன் தலைமைச் செய்நிரல் 12 வரையான செய்நிரல்களை ஒரே காலத்தில் நடத்த வல்லதாயிருந்தது. ஒரு பணி நாடாவுக்காகக் காத்திருக்கையில் மற்றொன்று கணிக்கும், இன்னொன்று அச்சாகும். குடியேற்ற நாடுகளின் தோட்டத் தொழிலாளர் பறித்த கொழுந்து இலண்டன் சந்தைக்குச் சென்று, அங்குக் கலக்கப்பெற்று, தேநீராக விற்கப்பட்ட ஒரு வணிகத்தின் உபரியே இத்தகைய பரிசோதனைகளுக்கான முதலைத் தந்தது. கணனியின் வரலாறு சிலிக்கன் பள்ளத்தாக்கில் மட்டும் தொடங்குவதாக எழுதுவோர் இத்தொடர்பைக் காண்பதில்லை. நாமோ, கொழுந்துக் கூடையின் நிறையும் அதனைக் கணக்கிட்ட பொறியின் வேகமும் ஒரே பொருளாதார முறைமையின் இரு முனைகள் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

4

இனி, இதே தொழில்நுட்பத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். ஸ்ட்ரேச்சியின் கட்டுரைக்கு ஆறு மாதம் முன்னர், 1959 சனவரி 1ஆம் திகதியிட்ட ஒரு குறிப்பில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த யோன் மக்கார்த்தி வேறொரு நோக்கத்தை முன்வைத்தார். இயந்திரம் காத்திருக்கக் கூடாது என்பது ஸ்ட்ரேச்சியின் முதன்மையான கவலை. மனிதர் காத்திருக்கக் கூடாது என்பது மக்கார்த்தியினது. ஒவ்வொருவருக்கும் செக்கனின் ஒரு சிறு கூறு என்ற வகையில் கணனி மாறி மாறிப் பணியாற்றினால், ஒவ்வொருவருக்கும் முழுக் கணனியும் தமக்கே உரியதெனத் தோன்றும். இதுவே நேரப்பகிர்வு. தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே, நோக்கங்கள் இரண்டு. இவ்விருமையே பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகும்.

1961 நவம்பரில் பேர்னாண்டோ கோர்பாற்றோவும் அவருடைய குழுவினரும் அந்நிறுவனத்தில் நேரப்பகிர்வை முதன்முதல் செயலிற் காட்டினர். சில ஆண்டுகளுள் ஏறத்தாழ 30 பேர் ஒரே வேளையில் தத்தம் தொலைத்தட்டச்சின் முன் அமர்ந்து ஒரே கணனியைப் பயன்படுத்த முடிந்தது. குறுகிய பணிகளுக்கு முன்னுரிமை அளித்து, நீண்ட பணிகளைப் படிப்படியாகக் கீழ்வரிசைக்கு இறக்கும் முறையைக் கோர்பாற்றோ வகுத்தார். நீண்ட வேலையுடைய ஒருவர் ஏனையோரை மணிக்கணக்கிற் காக்கவைக்காதிருக்க வேண்டும் என்னும் பங்கீட்டு நியாயம் அங்குச் செயற்பட்டது.

ஆயினும் பங்கீடு உள்ள இடத்தில் உடைமையும் உண்டு. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்று ஒதுக்கப்பட்டது. ஒருவரின் பங்கை மற்றவர் எடுக்காதிருக்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. 1962இல் வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், அது தம் ஆய்வுக்குப் போதாமையால், கடவுச்சொற்கள் முழுவதும் அடங்கிய கோப்பினை அச்சிடச் செய்து பிறர் பெயரில் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படுத்தியுள்ளார். கணனிக் கடவுச்சொல் பற்றி நாம் அறியும் முதற் களவு நேரக் களவு என்பது இவ்வரலாற்றில் எளிதில் மறக்கக்கூடியதன்று.

இவ்வாய்வுகளுக்கான பெரும்பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1963இல் தொடங்கிய மாக் திட்டத்துக்கு நிதியளித்தது ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்ப்பா நிறுவனமாகும். வியட்நாம் மீது போர் விரிவடைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மறுபுறம், 1964இல் டார்ட்மத் கல்லூரியில் யோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் நேரப்பகிர்வை எல்லா மாணவருக்கும் உரியதாக்க முனைந்தனர். கணிதம் பயில்வோருக்கு மட்டுமன்றி இலக்கியமும் வரலாறும் பயில்வோருக்கும் பயன்படவேண்டும் என்பதற்காகவே பேசிக் என்னும் எளிய மொழியை அவர்கள் ஆக்கினர். நூலகத்தைப் போலக் கணனியும் பொதுச்சொத்தாக இருக்கலாம் என்னும் கருத்து அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆகவே பணிமாற்றம் தன்னளவில் சுரண்டலின் கருவி என்று கொள்வது தவறாகும். இயந்திரம் வேறு, இயந்திரம் பயன்படுத்தப்படும் சமூக உறவு வேறு.

5

பணிமாற்றத்துக்கு ஒரு விலை உண்டென்பதையும் பொறியியலாளர் விரைவில் உணர்ந்தனர். ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய பணியின் நிலையைக் குறித்துவைத்துப் புதியதன் நிலையை மீட்டெடுக்கச் சிறிது நேரம் செலவாகின்றது. நினைவகம் கொள்ளும் அளவுக்கு மேற்பட்ட பணிகளை ஏற்றிவிட்டால், கணனி அவற்றை உள்ளே கொணர்வதிலும் வெளியே தள்ளுவதிலுமே தன் நேரம் முழுவதையும் கழித்துவிடும். பார்ப்பவருக்கு ஓயாது உழைப்பதாகத் தோன்றும். வேலையோ எதுவும் நகராது. பீற்றர் டெனிங் 1968இல் இந்நிலையின் காரணங்களையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் ஆராய்ந்தார். ஒரு பணிக்கு அவ்வேளையில் எவ்வளவு நினைவகம் இன்றியமையாததோ அதனை உறுதிப்படுத்தாமல் அப்பணியைத் தொடரவிடக் கூடாது என்பது அவருடைய தீர்வின் சாரம். இயந்திரத்தின் மீது சுமத்தக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது இவ்வாறு பொறியியல் விதியாயிற்று.

1980களில் கணனி மேசைக்கு வந்தது. 1981இன் ஐ.பி.எம். தனியாட் கணனியும் அதன் பணிசெயல் முறைமையும் ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்தன. 1985இல் வெளிவந்த விண்டோஸ் பல பணிகளை அனுமதித்தது. ஆயின் நடந்துகொண்டிருக்கும் செய்நிரல் தானாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே அடுத்ததற்கு இடம் கிடைத்தது. ஒத்துழைப்பு முறை எனப்பட்ட இதில், விட்டுக்கொடாத செய்நிரல் ஒன்று முழுக் கணனியையும் முடக்கிவிடும். அதே 1985இல் வந்த அமீகா கணனியிலும், பின்னர் 1995இல் விண்டோஸ் 95இலும், மேற்பார்வை செய்யும் முறைமையே நேரத்தை வகுத்து, தவணை முடிந்த செய்நிரலை விலக்கியது. அனைவருக்கும் பொதுவான ஒரு விதி இல்லாதவிடத்து வலியதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்னும் உண்மை இங்கும் புலனாகின்றது.

இக்காலகட்டத்தில் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இயந்திரத்தின் உள்ளே பணிகள் தாமாக மாறின. திரையின் முன் அமர்ந்திருந்தவரோ தாம் விரும்பியபோதே ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். இரு விசைகளை அழுத்துவது அவருடைய முடிவாயிருந்தது. இவ்வெல்லை நெடுநாள் நீடிக்கவில்லை.

6

இயந்திர நேரம் மலிந்தது. 1960இல் 29 இலட்சம் டொலர் பெறுமதியான கணனி செய்ததைவிடப் பன்மடங்கு செய்யும் கருவி இன்று சட்டைப்பையில் உள்ளது. அது வேலையின்றிக் கிடந்தால் எவருக்கும் கவலையில்லை. ஆயின் இலாபத்தின் தேவை மறைந்துவிடவில்லை. அருமைப்பட்ட பொருள் மாறியது: அருமையானது இப்போது இயந்திரத்தின் நேரமன்று, மனிதரின் கவனமே. விளம்பரத்தை விற்று வாழும் நிறுவனங்களுக்கு அக்கவனமே விற்பனைப் பண்டம்.

இம்மாற்றத்தின் திருப்புமுனை ஒன்றை ஐபோனின் வரலாற்றிற் காணலாம். 2008இல் பிறர் ஆக்கும் செயலிகள் அதில் அனுமதிக்கப்பட்டபோது, அவை பின்னணியில் இயங்க அப்பிள் நிறுவனம் இடமளிக்கவில்லை. மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. அதற்கு மாற்றாக 2009இல் அறிவித்தல் முறையைக் கொணர்ந்தது. செயலி உறங்கும், செய்தி வந்ததும் மனிதர் அழைக்கப்படுவார். செயலிகளுக்கான பன்பணிமுறை அடுத்த ஆண்டில், 2010இலேயே வந்தது. அதாவது கருவி பணிமாற்றம் செய்யவேண்டிய சுமையிலிருந்து காக்கப்பட்டது; அச்சுமை கருவியை வைத்திருந்தவரிடம் மாற்றப்பட்டது. 1950களில் அச்சுப்பொறி கணனிக்கு அனுப்பிய இடையீடு இப்போது மனிதருக்கு அனுப்பப்பட்டது.

இதன்பின் வந்தவை இப்போக்கை முழுமையாக்கின. 2012இல் நெற்பிளிக்ஸ் ஒரு தொடரின் பகுதி முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கும் முறையைப் புகுத்தியது. 2015இல் யூரியூப்பிலும் இது வந்தது. 2014இல் அப்பிள், ஒரு கருவியிற் தொடங்கிய பணியை மறு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை அளித்தது. அலுவலக மேசையில் முடியாத கடிதம் பஸ் வண்டியிலும் படுக்கையறையிலும் மனிதரைத் தொடரக்கூடியதாயிற்று.

காணொளிக்குச் செய்ததை உழைப்புக்கும் செய்யலாம் என்பதை ஊபர் நிறுவனம் காட்டியது. ஒரு பயணி இறங்குமுன்னரே அடுத்த பயணத்தை ஓட்டுநரின் திரைக்கு அனுப்பும் அதன் ஏற்பாட்டை 2017இல் நியூ யோர்க் ரைம்ஸ் நாளேடு விரிவாக ஆராய்ந்து, அதனை நெற்பிளிக்சின் தன்னியக்கத் தொடர்ச்சியுடன் ஒப்பிட்டது. இயற்கைக் கடன் கழிக்கவும் இடைவெளி கிடைப்பதில்லை என ஓட்டுநர்கள் முறையிட்ட பின்னரே, வரிசையைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டது. மார்க்ஸ் சுட்டிய இடைவெளிகள் நிரப்பப்படும் முறைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் தேடவேண்டியதில்லை. அன்று இயந்திரத்தின் இடைவெளிகளை நிரப்பிய அதே ஏற்பாடு, முழுவட்டமாகத் திரும்பி, மனிதரின் இடைவெளிகளை நிரப்புகின்றது.

இதன் விளைவு என்ன? குளோரியா மார்க்கும் அவருடைய இரு சக ஆய்வாளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. இடையீட்டுக்குள்ளானோர் தம் வேலையை மெதுவாக அன்றி விரைவாகவே செய்து முடித்தனர்; தரத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயின் அவர்கள் கூடிய மன அழுத்தத்தையும் விரக்தியையும் நேர நெருக்கடியையும் உணர்ந்தனர். முதலாளியின் கணக்கேட்டில் இது இலாபமாகவே பதிவாகும். இழப்பு பதிவாகும் ஏடு தொழிலாளியின் உடல் மட்டுமே. டெனிங் இயந்திரத்துக்கு வகுத்த எல்லையை மனிதருக்கு வகுப்பதில் எவரும் அவசரம் காட்டவில்லை. இயந்திரம் முடங்கினால் உடைமையாளருக்கு நட்டம். மனிதர் களைத்தால் நட்டம் அவருக்கே என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பணிமாற்றம் ஒரு குறிப்பிட்ட பொருளாதாரத் தேவையிலிருந்து, விலையுயர்ந்த இயந்திரத்தைச் சோம்பியிருக்க விடக்கூடாது என்னும் தேவையிலிருந்து, வளர்ந்தது. இரண்டாவது, அதே தொழில்நுட்பம் கணனியைப் பொதுச்சொத்தாக்கவும் உதவியது. டார்ட்மத் முயற்சி இதற்குச் சான்று. மூன்றாவது, இயந்திரம் மலிந்தபோது அத்தொழில்நுட்பம் மறையவில்லை. மாற்றப்படும் பொருளாக மனிதரே ஆயினர்.

தொழிலாளி வர்க்கம் தன் நேரத்துக்காக நடத்திய போராட்டம் பெரும்பாலும் மணிக்கூட்டை அளவாகக் கொண்டது. எமது நாட்டின் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தமை அப்போராட்டத்தின் பேறாகும். ஆயின் மணிக்கூடு நேரத்தின் நீளத்தை அளக்குமேயன்றி அதன் செறிவை அளக்காது. எட்டு மணி நேரத்துள் எத்தனை முறை ஒருவர் ஒரு வேலையிலிருந்து பிடுங்கப்பட்டு இன்னொன்றில் நடப்பட்டார் என்பதை இச்சட்டங்கள் கேட்பதில்லை. 2017 சனவரி 1ஆம் திகதி பிரான்சில் நடைமுறைக்கு வந்த, வேலைநேரத்துக்குப் புறம்பே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை இத்திசையில் ஒரு முதற்படி. அதுவும் வேலைநாளின் புறத்தையே காக்கின்றது. உள்ளே நிகழ்வதைத் தொடவில்லை.

தன்னியக்கப் பணிமாற்றத்தை ஒழிக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. இயந்திரங்களை உடைத்த காலத்துக்குத் திரும்புவது முற்போக்காகாது. மாற்றத்தைக் கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதே பிரச்சினை. அடுத்த காணொளி, அடுத்த பயணம், அடுத்த கோப்பு என்பன தாமாகத் தொடங்காமல், உழைப்பவரும் வாசிப்பவரும் வேண்டியபோதே தொடங்கவேண்டும் என்பது தொழில்நுட்ப அளவில் மிகச் சிறிய திருத்தம். அதனைச் செய்ய ஒரு செய்நிரலாளருக்கு ஒரு பிற்பகல் போதும். அது செய்யப்படாதிருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. உற்பத்தி உறவுகளில் உள்ளது. ஆதலால் தொழிற்சங்கங்களும் கல்வியாளரும் இதனைப் பொறியியலாளரின் தனி விவகாரமாகக் கருதி ஒதுங்காது, எட்டு மணி நேரக் கோரிக்கைக்கு அளித்த அதே கவனத்தை இதற்கும் அளித்தல் வேண்டும்.